தொட்டில் போடும் சுவரை அளந்து சொல்லக் கோரி

அனுப்புநர்:
பார்சல் கிடங்கு எடையாளர்,
மூன்றாம் மாடி, படிக்கட்டை ஒட்டிய வீடு.
(முழு முகவரி உறையின் பின்புறம் உள்ளது. முந்தைய மனுவிலும் இருந்தது.)

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்,
மின்காந்தப் புல அளவீட்டுப் பிரிவு,
தொலைத்தொடர்புக் கண்காணிப்பு அலுவலகம்.

பொருள்: வீட்டுக்குள் இருக்கும் இணைய இணைப்பின் கதிர்வீச்சை நேரில் வந்து அளந்து தரக் கோருதல் – இது கோபுரம் பற்றிய புகார் அல்ல – திங்கட்கிழமைக்கு முன் செய்ய வேண்டியது – தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய மனுவும், அதைப் படிக்காமலே தங்கள் அலுவலகம் அனுப்பிய பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

மரியாதைக்கு முதலில் ஒரு வணக்கம். அதற்கு மேல் இந்த மனுவில் இனிப்பாக எதுவும் இல்லை. மன்னிக்கவும்.

1. நான் பார்சல் கிடங்கில் எடை போடுபவள். என் தங்கையும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் சாலையில்தான். தங்கைக்கு இதற்கு முன் இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. மூன்றாவது முறை தங்கியபோது வீட்டில் நாங்கள் சத்தமாகச் சிரிக்கக்கூடப் பயந்தோம். இதை ஏன் ஒரு அலுவலகத்துக்கு எழுதுகிறேன் என்று கேட்கலாம். பயந்துபோயிருக்கும் வீட்டைப் பார்த்துத்தான் சிலர் கதவைத் தட்டுகிறார்கள் என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும்.

2. அப்படித் தட்டியவர், வீட்டு இணைய இணைப்பு விற்கும் ஒருவர். எங்கள் கட்டடத்தில் அவருக்கு 'மீட்டர் அண்ணன்' என்று பெயர். கையில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கருவி வைத்திருப்பார். அதன் நெற்றியில் சிவப்பு விளக்கு, வயிற்றில் ஒரு சின்ன ஒலிபெருக்கி. அப்போது எங்களிடம் இருந்தது பால்கனிக் கம்பியில் மாட்டிய தட்டு வழியாகக் காற்றிலே வரும் இணைப்பு. அவர் நேராகத் தங்கையின் படுக்கையறைக்குள் போனார். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் கருவியை வைத்தார். அது அலறியது. தங்கையின் வயிற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நான் பயமுறுத்தலம்மா. மெஷின் சொல்லுது, நீங்களே கேட்டுக்குங்க" என்றார்.

3. ஐயா, என் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் கிடங்கைத் திறந்ததும், முதல் பார்சலை ஏற்றும் முன், வெறும் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்போம். வாடிக்கையாளர் கேட்டால் அவர் கண்ணெதிரே மறுபடி காட்டுவோம். வெறும் தட்டிலேயே எடை காட்டும் தராசில் எதை வைத்து என்ன பயன்? அந்தப் பழக்கத்தில் நான் அவரிடம், "முதலில் இது எங்கே சும்மா இருக்கும் என்று காட்டுங்கள்" என்றேன். "அக்கா, அதெல்லாம் தராசுக்கு. இது சயின்ஸ்" என்று சிரித்தார். தங்கையும் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

4. அவர் விற்றது கண்ணாடி இழை வழியாக வரும் இணைப்பு. 'கதிர்வீச்சு இல்லா இணைப்பு' என்று பளபளப்பான தாளில் அச்சடித்திருந்தது. இழைக்குள் வெளிச்சம் மட்டும்தான் ஓடும், அலை கிடையாது என்றார். இழையைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அந்த இழை வந்து முடிகிற பெட்டிக்கு இரண்டு கொம்பு இருந்தது ஐயா. பழைய பெட்டி போலவே அதுவும் வைஃபையைத்தான் வீடு முழுக்கப் பரப்பியது. மாட்ட வந்தவரிடம் தங்கை இதைக் கேட்டபோது, "இது வேற வைஃபை, ஒண்ணும் செய்யாது" என்றார். வேறு வைஃபையாம். என் தங்கை கர்ப்பிணி, அவளுக்குக் காது குத்தி வெகுகாலம் ஆயிற்று.

5. இணைப்போடு அந்த அலறும் கருவியும் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய அநியாயம். அன்றிலிருந்து தங்கை அதைக் கையில் பிடித்துக்கொண்டே வீட்டில் நடந்தாள். புதிய பெட்டியருகில் அலறியது. அவரைக் கூப்பிட்டோம். பெட்டியை மூட ஒரு கம்பிவலைக் கூண்டு விற்றார். கூண்டைப் போட்டதும் படுக்கையறைக்கு இணைப்பு எட்டவில்லை. வீடியோ அழைப்பில் தங்கை கணவரின் முகம் பாதியில் உறைந்து நின்றது. மறுபடி கூப்பிட்டோம். சிக்னலை இழுத்து வலுவாக்கும் இன்னொரு பெட்டியை விற்று, அதைப் படுக்கையறையிலேயே, தலைமாட்டிலேயே மாட்டிவிட்டுப் போனார். அலைக்குப் பயந்த வீட்டில், அலையை அடைக்க ஒரு கூண்டும், அடைபட்டதைப் பரப்ப ஒரு பெட்டியும். இரண்டும் ஒரே ஆள் விற்றவை. எங்கள் தலையில் மிளகாய் அரைத்ததோடு விடாமல், அம்மியையும் எங்களிடமே விற்றுவிட்டார்.

6. கடைசியில் தங்கை எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டாள். கைப்பேசி மட்டும் மிச்சம். வீட்டில் வைஃபை இல்லாவிட்டால் பேசி நேராகத் தூரத்துக் கோபுரத்தைத் தேடும், அப்போது இன்னும் பலமாகக் கதிர் விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னது சரியா தவறா என்று கேட்க எங்களுக்கு ஓர் இடம் இல்லை. அந்த இடம் தாங்கள்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் பேசியை மாவு கொட்டி வைக்கும் பெரிய எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடி வைக்க ஆரம்பித்தாள். தேவைப்படும்போது திறந்து, பேசிவிட்டு, மறுபடி மூடுவாள். மூடிய பிறகு கருவியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். அது சும்மா இருந்தால் அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. வழக்கம் போல நான் வேலைக்குப் போய்வந்தேன்.

7. மருத்துவமனையில் எடுத்த பரிசோதனைகளின் முடிவு அவள் வீடு திரும்பிய பிறகுதான் வந்தது; கர்ப்பகால இரத்த அழுத்தம் ஆபத்தான எல்லையைத் தாண்டிவிட்டதாக அதில் தெரிந்தது. உடனே வரச் சொல்லி செவிலியர் கூப்பிட்டிருக்கிறார். மறுபடி மறுபடி கூப்பிட்டிருக்கிறார். பேசி சம்படத்துக்குள் கிடந்தது. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அவருக்குப் பதில் வந்திருக்கிறது. அடுப்படியிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பேசி, தொடர்பு எல்லைக்கு வெளியே. நான் வேலை முடிந்து வந்தபோது தங்கை தரையில் கிடந்தாள், உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. எதிர்வீட்டுத் தச்சர் கதவைக் கழற்றாத குறையாக ஓடிவந்து தூக்கினார். குழந்தையை அவசரமாக வெளியே எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள். பிழைத்துக்கொண்டாள்.

8. மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: குழந்தை முன்கூட்டியே பிறந்ததற்குக் காரணம் இரத்த அழுத்தம், வீட்டு வைஃபை அல்ல, நேரத்துக்கு வந்திருந்தால் மாத்திரையிலும் ஊசியிலும் கொஞ்ச காலம் தள்ளியிருக்கலாம். நான் கேட்டுக்கொண்டேன். தங்கை கேட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் குழாய்களுக்கு நடுவே கிடக்கும் மகளைப் பார்த்து அவள் செவிலியரிடம் கேட்ட முதல் கேள்வி, "இந்த ரூம்ல வைஃபை இருக்கா சிஸ்டர்?" என்பதுதான். "இருக்கும்மா. இல்லன்னா பாப்பாவோட மூச்சு, நாடியெல்லாம் டாக்டர் பார்க்கற திரைக்கு எப்படிப் போகும்?" என்றார் அவர். தங்கை அதை அணைக்கச் சொன்னாள். கெஞ்சினாள். பெற்ற பிள்ளையின் உயிரைப் பிடித்து வைத்திருக்கும் கருவியை அணைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். அப்போது என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது ஐயா. அவள் மேல் அல்ல.

9. முந்தைய மனுவை அன்றுதான் எழுதினேன். வீட்டுக்கு வரும் இணைப்புகளில் எது எவ்வளவு கதிர் விடுகிறது என்று அளந்து சொல்லுங்கள் என்றுதான் கேட்டேன். பால்கனித் தட்டு எவ்வளவு, இழைப் பெட்டியின் வைஃபை எவ்வளவு, கைப்பேசி எவ்வளவு, அரசு வைத்த வரம்பு எவ்வளவு. தாங்கள் அனுப்பிய பதில் இது: "தங்கள் புகார் 'கோபுரம்' எனும் வகையில் பதிவு செய்யப்பட்டது. தங்கள் தெருவில் கோபுரம் ஏதும் இல்லாததால் புகார் முடித்துவைக்கப்பட்டது." ஐயா, எங்கள் தெருவில் கோபுரம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் அங்கேதான் குடியிருக்கிறோம்.

10. எனவே நேரில் வந்தேன். முன்னறையில் இருந்த எழுத்தர் மரியாதையாகவே பேசினார், அதை மறுக்கவில்லை. "வீட்டுக்குள்ள இருக்கற டப்பா எங்க கணக்குல வராதும்மா. கோபுரம்னா சொல்லுங்க, உடனே ஆள் அனுப்பறோம்" என்றார். "அப்படியானால் வீட்டுக்குள் இருப்பது யார் கணக்கு?" என்று கேட்டேன். "அது உங்க கணக்குதான்" என்றார். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் ஒரு கருவி இருந்தது. கைப்பிடியோடு, உருண்டைத் தலையோடு, சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் சரிபார்ப்பு முத்திரை ஒட்டியிருந்தது. நாள் கடக்காத முத்திரை. முத்திரை என்றால் என் கண் தானாகவே அங்கே போகும், அது என் தொழில். அந்தக் கருவி கோபுரத்தின் அடியில் நின்றால் அளக்குமாம், கட்டிலின் பக்கத்தில் நின்றால் அளக்காதாம். காய்கறி விற்பவர் தராசில் முத்திரை இல்லையென்றால் தண்டம் போடுகிறீர்கள். ஒரு கர்ப்பிணியின் தலைமாட்டில் முத்திரையில்லாத கருவியை வைத்து அலறவிட்டால் அது யார் கணக்கிலும் வராதா?

11. போன வாரம் தெருவில் சாக்கடைக்குத் தோண்டியவர்கள் இழைக் கம்பியை வெட்டிவிட்டார்கள். தெரு முழுக்க இணைப்பு இல்லை. எங்கள் வீட்டில் முன்பே எல்லாம் பிடுங்கிக் கிடந்தது. என் பேசியையும் அணைத்தேன். மீட்டர் அண்ணன் கொடுத்த கருவியை எடுத்துக்கொண்டு தங்கையின் கட்டிலருகே போய், அதே சுவரில் வைத்தேன். அலறியது. மின்விசிறியின் சுவிட்சருகே வைத்தேன், அலறியது. குளிர்பதனப் பெட்டியருகே வைத்தேன், அங்கே இன்னும் உற்சாகமாக அலறியது. பிறகு படிக்கட்டருகே போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வந்து, மறுபடி அந்தச் சுவரில் வைத்தேன். மூச்சு விடவில்லை. மெயினை ஏற்றினேன், அலறல். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அந்தச் சுவருக்குள் ஓடும் விளக்குக் கம்பிக்கு அலறும் ஒரு சாமானைக் காட்டி, இணையத்துக்கு அலறுவதாக எங்களை நம்பவைத்திருக்கிறார்கள். விளக்குக் கம்பி அளவுக்கு மேல் விடுகிறதா, வைஃபை எவ்வளவு விடுகிறது, அதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்ததாக நடிக்கவும் மாட்டேன். அந்தக் கருவிக்கு அவை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்பது மட்டும் தெரியும்.

12. மருத்துவமனைக்கு ஓடினேன். மூச்சு வாங்கத் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டாள். கடைசிவரை கேட்டாள். பிறகு, "நீ மூட்டை எடை போடறவ அக்கா. உனக்கு இது என்ன தெரியும்?" என்றாள். வலித்தது ஐயா. அவளைப் படிக்கவைத்தது அந்த மூட்டைகள்தான் என்று வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவள் அடுத்துச் சொன்னதுதான் இந்த மனுவுக்குக் காரணம். "யாராவது ஆபீசர் வந்து அளந்து சொல்லட்டும். அப்போ பாப்பாவோட வீட்டுக்கு வரேன்." தங்கள் அலுவலகத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கும் ஓர் ஆளை இந்த ஊரில் தாங்கள் வேறெங்கும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அந்த நம்பிக்கையைத்தான் 'கோபுரம் இல்லை' என்று முடித்துவைத்தீர்கள்.

13. திங்கட்கிழமை குழந்தையை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எடை ஏறிவிட்டது. ஆனால் மூச்சு இன்னும் சில நேரம் தடுமாறுகிறது. உதடு நீலமானால் ஒரு நொடி தாமதிக்காமல் கூப்பிட வேண்டும், தூக்கிக்கொண்டு வர வேண்டும், மருத்துவமனையிலிருந்து தூரம் போகவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தங்கையோ எங்கள் வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாள். சிக்னலே இல்லாத இடமாகப் பார்க்கச் சொல்லிக் கணவரை நச்சரித்து, அவரும் வேறு வழி தெரியாமல் ஒரு கல்குவாரியின் பழைய காவலாளி வீட்டைப் பேசி வைத்துவிட்டார். மலை மறைப்பதால் அங்கே எந்தப் பேசியும் எடுக்காது. அதற்காகத்தான் அந்த இடம். அவர் லாரியேறிப் போனபின் அவளும் குழந்தையும் மட்டும் அங்கே இருப்பார்கள். உதடு நீலமானால் அவள் எதை வைத்து, யாரைக் கூப்பிடுவாள்? என்னை விடுங்கள், தங்களால் பதில் சொல்ல முடியுமா?

14. எனவே நான் கேட்பது பெரிதல்ல. கண்ணாடி அலமாரியைத் திறந்து அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமைக்கு முன் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். தங்கையையும் கூட்டிவருகிறேன், வாசல் வரை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். முதலில் மெயினை இறக்கிவிட்டு, எல்லாம் அணைந்திருக்கும்போது கருவி என்ன காட்டுகிறது என்று அவள் கண்ணெதிரே காட்டுங்கள். பிறகு, தொட்டில் போடப்போகும் அந்தத் தலைமாட்டுச் சுவரருகே நின்று, பிடுங்கிக் கிடப்பவற்றை மறுபடி மாட்டி ஒவ்வொன்றாகப் போட்டு அளந்து, எந்த எண் எதற்குரியது, வரம்பு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, முத்திரை குத்தி, அவள் கையில் கொடுங்கள். என் கையில் வேண்டாம். ஆபத்து உண்டென்றால் உண்டு என்று எழுதுங்கள், அன்றைக்கே நானே வேறு வீடு பார்க்கிறேன். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். 'ஆராயப்படும்', 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' போன்ற வார்த்தைகள் வேண்டாம். அவற்றைக் கேட்டு ஒரு தாயும் வீடு திரும்ப மாட்டாள்.

15. அந்த மீட்டர் அண்ணன் இப்போதும் எங்கள் தெருவில் சுற்றுகிறார். நேற்றுக்கூட நான்காம் மாடியில் அந்தக் கருவியின் குரல் கேட்டது. அங்கே புதிதாகக் கல்யாணமானவர்கள் இருக்கிறார்கள். அவர்மேலும், அவரை அனுப்பும் நிறுவனத்தின்மேலும் விசாரணை வேண்டும். அதைத் திங்களுக்குப் பிறகு வைத்துக்கொண்டாலும் சரி. தங்கள் பதிவேட்டில் 'வீடு' என்று ஒரு வகையைச் சேர்ப்பதையும் தங்கள் வசதிப்படி செய்யுங்கள். குழந்தையின் காரியம் மட்டும் காத்திருக்காது.

இந்த மனுவில் கோபம் அதிகமென்றால் அதை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். தவறாமல் ஆள் அனுப்புங்கள்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: மருத்துவமனை, பச்சிளம் குழந்தைகள் பிரிவின் வராந்தா

இப்படிக்கு,
(ஒப்பம்)
குழந்தையின் பெரியம்மா

ஐயா,

நான் தங்கை. அக்கா கையெழுத்துப் போட்டதும் வாங்கிப் படித்தேன். அவளுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் குவாரிக்குப் போகப் பயமாகத்தான் இருக்கிறது. அளந்து முடித்த பிறகு, தாளைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிட வேண்டாம். அந்த வைஃபை பெட்டியைப் போட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நீங்கள் உட்கார்ந்திருங்கள். நீங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவேன்.

(ஒப்பம்)
குழந்தையின் அம்மா